காட்டுக்காகச் செய்தார்கள், பட்டாளம் வாங்கிக்கொண்டது: நார்ஸ்மன் விமானத்தின் கதை

1940 வரைக்கும் விற்றது மொத்தமே 17. அடுத்த ஐந்து வருடத்தில் 800க்கும் மேல். கனடாவில் செய்த நார்ஸ்மன் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தின் கணக்கு இது. இடைப்பட்ட காலத்தில் அந்த விமானத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. அதே மர இறக்கை, அதே துணிப் போர்வை, அதே பிராட் அண்ட் விட்னி எஞ்சின். வாங்கியவர்கள்தான் மாறினார்கள். சுரங்கக்காரர்களையும் தோல் வியாபாரிகளையும் தபால் மூட்டைகளையும் மனதில் வைத்து வரைந்த ஒரு வண்டியை, போர் வந்ததும் அமெரிக்க ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. போர் முடிந்ததும் அதில் பெரும்பகுதி உபரிச் சரக்காக ஏலத்துக்கு வந்து, அடிமாட்டு விலைக்கு மறுபடியும் காட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அந்த மலிவுதான் புது நார்ஸ்மன் விற்பனையைக் கொன்றது என்பது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி.

முதலில் இப்படி ஒரு விமானம் எதற்குத் தேவைப்பட்டது என்று பார்க்கலாம். கனடாவின் வடபகுதி வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நீலப் பொட்டுகளாக ஏரிகள் சிதறிக் கிடக்கும். நடுவில் கருங்கல் பாறை, ஊசியிலைக் காடு, கால் வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பு. அங்கே ரோடு போடுவது பெரும்பாடு, ரயில் ஒன்றிரண்டு தடங்களோடு நின்றுவிட்டது. கோடையில் ஆறும் ஏரியும் வழியாகப் படகில் வாரக்கணக்கில் போகலாம், குளிர்காலத்தில் நாய் வண்டியில் போகலாம். அவ்வளவுதான். ஆனால் விமானக்காரன் கண்ணால் பார்த்தால் அதே நிலம் முழுக்க ஓடுதளம். கோடையில் எந்த ஏரியிலும் மிதவை வைத்த விமானம் இறங்கலாம், குளிரில் அதே ஏரி உறைந்த பிறகு அடியில் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு இறங்கலாம். கான்கிரீட்டுக்குக் காசே வேண்டாம்.

இந்தத் தொழிலின் தொடக்கமே ராணுவத்தின் பழைய சரக்கில்தான் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு சும்மா கிடந்த கர்ட்டிஸ் எச்எஸ்-2எல் பறக்கும் படகு ஒன்றை 1919 ஜூனில் ஸ்டூவர்ட் கிரஹாம் என்ற விமானி அட்லாண்டிக் கரையிலிருந்து கியூபெக் மாகாணத்தின் லாக் ஆ லா டார்ட்யூ ஏரிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார், வழி பார்த்துச் சொல்ல அவர் மனைவி மேட்ஜும் கூடவே வந்தார். வேலை என்ன தெரியுமா? காட்டுத் தீ எங்கே கிளம்புகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்வது. கனடாவில் புஷ் பைலட், அதாவது காட்டு விமானி, என்று ஒரு ஜாதி உருவானதற்கு இதைத்தான் பிள்ளையார் சுழியாகச் சொல்கிறார்கள். 1925-ல் ஒன்டாரியோவின் ரெட் லேக் பக்கம் ஹவி சகோதரர்கள் தங்கம் கண்டதும் கூட்டம் குவிய ஆரம்பித்தது, 1926-லிருந்து ஆட்களும் சாமான்களும் விமானத்தில் போகத் தொடங்கின. அதே வருடக் கடைசியில் வின்னிபெக் தானிய வியாபாரி ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் வெஸ்டர்ன் கனடா ஏர்வேஸ் கம்பெனியை ஆரம்பித்தார். அதன் முதல் விமானங்கள் ஃபோக்கர் யுனிவர்சல்.

இந்த ஃபோக்கர் யுனிவர்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் இரண்டு இடத்தில் வருகிறது. அதை வரைந்தவர் ராபர்ட் நூர்டைன், எல்லோருக்கும் பாப். 1893-ல் நெதர்லாந்தின் நைமேகனில் பிறந்தவர், இங்கிலாந்தில் விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, ஃபோக்கரின் அமெரிக்கக் கிளையை நடத்த அட்லாண்டிக்கைத் தாண்டியவர். யுனிவர்சல் நல்ல விமானம்தான். ஆனால் அதில் பயணிகள் மூடிய அறைக்குள் உட்கார, விமானி மட்டும் இறக்கைக்கு முன்னால் திறந்த வெளியில் உட்கார வேண்டும். நியூ ஜெர்சியில் அது பரவாயில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கனடா விமானிகள் என்னென்ன குறைபட்டார்கள் என்பது அவர் காதுக்குப் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். அப்புறம் பெல்லாங்கா, பிட்கேர்ன் என்று இன்னும் இரண்டு கம்பெனிகளில் இருந்துவிட்டு, 1930-களின் நடுவில், பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரத்தில், மான்ட்ரியல் பக்கத்தில் கார்டியர்வில்லில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். துணிச்சலா அசட்டுத்தனமா என்று சொல்வது கஷ்டம்.

அவர் மனதில் இருந்த கணக்கு தெளிவானது. இறக்கை மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் படகுத்துறையில் விமானத்தைப் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தும்போது கட்டைகளிலும் ஆட்களிலும் இடிக்காது, சரக்கு ஏற்றி இறக்குவதும் சுலபம். இருக்கிற ஆட்களையும் பட்டறையையும் வைத்துக்கொண்டே ஒரு சின்னக் கம்பெனி இதை ஓட்டி லாபம் பார்க்க வேண்டும். அப்புறம், ஏற்கெனவே களத்தில் இருக்கிற எந்த விமானத்தையும்விட இது எல்லா வகையிலும் மேலாக இருக்க வேண்டும். இதில் இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேகம், உயரம், சாதனை என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஓட்டுகிறவனுக்கு மாசக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்து விமானம் வரைந்தவர்கள் அதிகம் இல்லை.

இன்னொன்று, மற்றவர்கள் சக்கரம் வைத்த விமானத்தைச் செய்துவிட்டுப் பிறகு அதற்கு மிதவை ஒட்டுவார்கள். நூர்டைன் தலைகீழாகப் போனார், முதலில் மிதவை, பிறகு சறுக்குக் கட்டை, கடைசியில் சக்கரம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மிதவை கனமானது, காற்றை எதிர்ப்பது, தண்ணீரின் அடி உடம்பின் கீழ்ச்சட்டத்தில் வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து விழும். அதைத் தாங்குகிற சட்டத்துக்குச் சக்கரம் பூட்டுவது பெரிய விஷயமில்லை, சக்கரத்துக்கென்று செய்த சட்டத்துக்கு மிதவை பூட்டினால்தான் அங்கே ஒரு முட்டு, இங்கே ஒரு ஒட்டு என்று எடை ஏறிக்கொண்டே போகும். நார்ஸ்மனின் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு பக்கமும் குட்டையாக இரண்டு முண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரமோ சறுக்குக் கட்டையோ, கால் வந்து பொருந்துவது அதில்தான். பருவம் மாறும்போது காலை மாற்ற வேண்டும் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட்டார்கள்.

உடம்பு பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி. இறக்கை மரம், அதற்கும் துணி. 1935-க்கே இது கொஞ்சம் பழைய பாணிதான், அந்த வருடம்தான் அமெரிக்காவில் டிசி-3 முழு உலோக உடம்போடு பறந்தது. ஆனால் பாதி வழியில் ஒரு மரக்கிளை கிழித்துவிட்டால், துணியும் டோப் என்கிற பூச்சும் இருந்தால் ஏரிக்கரையிலேயே ஒட்டுப்போட்டுக் கிளம்பலாம். குழாய் வளைந்தால் சுரங்கத்தில் இருக்கிற வெல்டர் போதும். உலோகத் தகட்டு விமானம் நசுங்கினால் அதற்கு ரிவெட் அடிக்கத் தெரிந்தவனும் கருவியும் வேண்டும், அது 600 கிலோமீட்டர் தள்ளித்தான் கிடைக்கும். இறக்கை விரிப்பு 15.7 மீட்டர், காலியாக இரண்டு டன்னுக்கு அக்கம்பக்கம், முழுச் சுமையோடு மூன்றேகால் டன்னுக்கும் மேலே. விமானியைத் தவிர ஒன்பது பேர் வரை உட்காரலாம், இல்லையென்றால் இருக்கையைக் கழற்றிவிட்டு மாவு மூட்டை, டைனமைட், உறைந்த மீன், எது வேண்டுமானாலும் போடலாம். உள்ளே போகாத தோணியை மிதவைக்கும் உடம்புக்கும் நடுவில் கயிறு போட்டு வெளியே கட்டிக்கொண்டு பறந்தார்கள்.

முதல் நார்ஸ்மன், பதிவு எண் சிஎஃப்-ஏஒய்ஓ, 1935 நவம்பர் 14 அன்று செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து மிதவையோடு எழுந்தது. ஓட்டியவர் லீ கேப்ரியோல். அடுத்த ஜனவரியில் கியூபெக்கின் ரூயின் நகரத்து டொமினியன் ஸ்கைவேஸ் கம்பெனி வாங்கிக்கொண்டு அதற்கு ஆர்க்டரஸ் என்று பேர் வைத்தது. குறை உடனே தெரிந்தது: 420 குதிரைத்திறன் ரைட் வேர்ல்விண்ட் எஞ்சின் அந்த உடம்புக்குப் போதவில்லை. மிதவை விமானம் தண்ணீரை விட்டுக் கிளம்புவதற்கு எவ்வளவு சக்தி குடிக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். அலை இல்லாத நாளில் தண்ணீர் மிதவையைப் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். விமானி ஒரு பக்க இறக்கையைத் தூக்கி ஒரு மிதவையை முதலில் பிய்த்தெடுத்து, பிறகு இன்னொன்றை எடுக்க வேண்டியிருக்கும். 1936-க்குள்ளேயே நான்காவது வடிவத்தில் பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1340 வாஸ்ப் வந்தது. ஒன்பது சிலிண்டர், 22 லிட்டர் கொள்ளளவு, 600 குதிரைத்திறன் வரை. அன்றிலிருந்துதான் நார்ஸ்மன் உண்மையான நார்ஸ்மன்.

அந்த எஞ்சினைக் குளிர்காலத்தில் உயிரோடு வைத்திருப்பது தனி வேலை. சாயங்காலம் இறங்கியதும், எஞ்சின் ஆறுவதற்கு முன் எண்ணெயை முழுவதும் டின்னில் வடித்துக் குடிசைக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். விட்டுவைத்தால் காலையில் அது தார்க்கட்டி. விடிவதற்கு முன்பே எழுந்து, எஞ்சினுக்கு மேல் கான்வாஸ் கூடாரத்தைப் போர்த்தி, அடியில் பெட்ரோல் அடுப்பை வைத்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சூடேற்ற வேண்டும். பெட்ரோல் சொட்டும் எஞ்சினுக்கு அடியில் திறந்த நெருப்பு, மேலே துணி. மெக்கானிக் கொஞ்சம் கண் அசந்தால் விமானமே சாம்பல், அப்படிப் போனவையும் உண்டு. எஞ்சின் சூடானதும் அடுப்பில் காய்ச்சிய எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றி உடனே கிளப்ப வேண்டும். சறுக்குக் கட்டை ராத்திரியில் பனியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முந்தின நாளே அடியில் மரக்கிளைகளைப் போட்டு அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டையைச் சம்மட்டியால் தட்டித் தட்டிப் பிரிக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை, ஏரி உறைகிற சமயத்திலும் உடைகிற சமயத்திலும், சில வாரங்கள் எதுவும் நடக்காது. மிதவைக்குப் பனி அதிகம், கட்டைக்குப் பனி போதாது. அந்த வாரங்களில் வடக்கே யாருக்கு என்ன நோய் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பொருத்தமான விமானம் ஏன் ஐந்து வருடத்தில் 17 மட்டும் விற்றது? விமானத்தில் குறையில்லை, வாங்குகிறவன் கையில் காசில்லை. மந்தக் காலத்தில் வடக்கே ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள் பல, பழைய ஃபோக்கரையும் ஃபேர்சைல்டையும் ஒட்டுப்போட்டுப் பிழைத்தவை. புது விமானம் என்பது அவர்களுக்கு ஒரு வருட வருமானத்தை முழுங்குகிற சமாச்சாரம். கனடாவின் குதிரைப் போலீஸ் படை வாங்கியது, சில கம்பெனிகள் வாங்கின. காட்டை மட்டும் நம்பியிருந்தால் நூர்டைன் கடையை மூடியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

போர் வந்தது. காமன்வெல்த் நாடுகளின் விமானப் படைகளுக்கு ஆட்களைத் தயார் செய்கிற பெரிய திட்டம் கனடாவில் ஆரம்பித்தது, அதற்கு வயர்லெஸ், வழிகாட்டல் பயிற்சி கொடுக்கக் கனடா விமானப் படை 38 நார்ஸ்மன்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மூட்டை போடுவதற்கென்று விட்ட இடத்தில் ரேடியோப் பெட்டியையும் மாணவர்களையும் வைத்தால் பறக்கும் வகுப்பறை ஆகிவிட்டது. அதே சமயம் நூர்டைன் ஆலை ஹார்வர்டு பயிற்சி விமானத்தையும் உரிமம் பெற்றுச் செய்தது, 2,500க்கு மேல். இரண்டுக்கும் ஒரே வாஸ்ப் எஞ்சின். இந்திய விமானப் படை பல வருடம் பயிற்சிக்கு வைத்திருந்த ஹார்வர்டு 2பி விமானங்களும் இந்த மான்ட்ரியல் ஆலைச் சரக்குதான்.

அமெரிக்க ஆர்டர் வந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். பெர்ன்ட் பால்கென் என்ற நார்வேக்காரர், 1929-ல் அமெரிக்கர் ரிச்சர்ட் பேர்டுடைய தென்துருவப் பயணத்தில் விமானம் ஓட்டியவர், 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கிரீன்லாந்தில் தளம் அமைத்துக்கொண்டிருந்தார். விமானங்களை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கவிட்டே கொண்டுபோக வழியில் இறங்குமிடங்கள் வேண்டும், அந்த இடங்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோக, எங்கும் இறங்கி எதையும் தாங்குகிற விமானம் வேண்டும். சில வகைகளைப் பார்த்துவிட்டு அவர் நார்ஸ்மனைப் பரிந்துரைத்தார். இங்கேதான் அந்த ஃபோக்கர் யுனிவர்சல் திரும்ப வருகிறது. 1927-ல் ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சில் துறைமுகத்துக்கு ஆட்களையும் பல டன் சாமான்களையும் வெஸ்டர்ன் கனடா ஏர்வேஸ் யுனிவர்சலில் ஏற்றிப் போனபோது, அதை ஓட்டிய விமானிகளில் ஒருவர் இதே பால்கென். நூர்டைனின் கைவேலையை அவர் 14 வருடம் முன்பே கனடாவின் பனியில் ஓட்டிப் பார்த்துவிட்டார். ராணுவக் கொள்முதலில் இப்படி, பொருளை நேரில் அனுபவித்த ஒருவன் சொல்லித் தேர்வு நடப்பது அபூர்வம்.

முதலில் சோதனைக்கு ஆறு, ஒய்சி-64 என்ற பேரில். பிறகு பெரிய ஆர்டர். சி-64ஏ, அப்புறம் யூசி-64ஏ என்று பேர் மாறி மொத்தம் 750க்கு நெருக்கமாக அமெரிக்க ராணுவ விமானப் படைக்குப் போனது. அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து, பிரான்ஸ், பசிபிக் தீவுகள் என்று எங்கும் காயம்பட்டவர்களையும் தபாலையும் தளபதிகளையும் ரேடியோ பாகங்களையும் தூக்கித் திரிந்தது. ஆஸ்திரேலிய விமானப் படைக்கு 14 போயின.

நம் பக்கமும் வந்திருக்கிறது. 1944-ல் ஃபிலிப் காக்ரன், ஜான் ஆலிசன் இருவர் தலைமையில் அஸ்ஸாமின் லாலாகாட், ஹைலாகண்டி தளங்களிலிருந்து இயங்கிய அமெரிக்காவின் முதலாம் ஏர் கமாண்டோ குழுவிடம் 12 நார்ஸ்மன்கள் இருந்தன. பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் வீரர்களை இறக்குவதும், அவர்களுக்குச் சோறும் தோட்டாவும் சேர்ப்பதும் குழுவின் வேலை. மார்ச் 5 ராத்திரி பிராட்வே என்று பேர் வைத்த காட்டுத் திட்டில் கிளைடர்கள் முதலில் இறங்கின, அதில் வந்த சின்ன புல்டோசர்களை வைத்து அடுத்த நாளுக்குள் ஓடுதளத்தைச் சமன் செய்ததும் சி-47 சரக்கு விமானங்கள் வந்தன. இரட்டை எஞ்சின் சி-47க்கு நீளமான ஓடுதளம் வேண்டும், எல்-5 மாதிரிக் குட்டி விமானத்தில் ஒரு நோயாளிக்கு மேல் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த வேலைக்கு நார்ஸ்மன் தோதாக இருந்தது. ஏரியும் பனியும் நினைத்து வரைந்த விமானம், ஆளுயரப் புல்லும் சேறுமாகக் கிடந்த ஊரில் வேலை பார்த்தது என்றால், ரோடும் ஓடுதளமும் இல்லாத இடம் என்ற ஒரு விஷயத்தில் ஹட்சன் விரிகுடாவும் பர்மாக் காடும் ஒன்றுதான். ராணுவம் கேட்டதெல்லாம் சுரங்கக்காரன் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருந்தான்.

ஆனாலும் வெளியுலகத்துக்கு நார்ஸ்மன் தெரிந்தது இந்த உழைப்பால் அல்ல, ஒரு மரணத்தால். 1944 டிசம்பர் 15 மதியம், இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு அருகே ட்வின்வுட் ஃபார்ம் தளத்திலிருந்து ஒரு யூசி-64ஏ பாரிஸ் பக்கம் கிளம்பியது. உள்ளே விமானி ஜான் மார்கன், லெப்டினன்ட் கர்னல் நார்மன் பேசெல், மேஜர் க்ளென் மில்லர். மில்லர் அன்றைக்கு அமெரிக்காவின் மிகப் பிரபலமான வாத்தியக் குழுத் தலைவர், பட்டாளத்தில் சேர்ந்து சிப்பாய்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார், பாரிஸில் குழுவின் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்ய முன்னால் போனார். ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் எங்கோ விமானம் மறைந்தது. டிசம்பர் 24-ல்தான் வெளியே சொன்னார்கள். சிதிலம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதைச் சுற்றிக் கதைகள் ஏராளம். ஓரளவு தாங்குகிறவை இரண்டுதான். அன்றைக்கு ஜெர்மனியின் ஸீகன் நகரத்தைத் தாக்கப் போய்ப் பாதியில் திரும்பிய பிரிட்டிஷ் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் குண்டுகளைக் கால்வாயில் கொட்டிவிட்டு வந்தன, அதில் ஒன்றின் நேவிகேட்டர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கீழே ஒரு சின்ன விமானம் கவிழ்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். நேரக்கணக்கு பொருந்தவில்லை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். இன்னொன்று கார்பரேட்டரில் பனி. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது, காரணத்தைச் சொல்கிறேன்.

கார்பரேட்டரில் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடி அழுத்தம் குறையும், அங்கே தெளிக்கிற பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் காற்றின் சூடு 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது அந்தக் கழுத்திலேயே பனியாக ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்கு மூச்சுத் திணற வைக்கும். மைனஸ் 30 டிகிரி வட கனடாவில் காற்று வறண்டு கிடக்கும், ஒட்டுவதற்கு ஈரமே இருக்காது. பூஜ்யத்துக்குச் சற்று மேலே, மேகமும் தூறலுமாக இருக்கிற ஆங்கிலக் கால்வாய்தான் ஆபத்து. சூடான காற்றை உள்ளே விடும் ஏற்பாடு இருந்தாலும் அதை நேரத்துக்கு இழுக்க வேண்டும். தாழ்வான மேகத்துக்குக் கீழே, கடலுக்குச் சில நூறு அடி மேலே பறக்கிறவனுக்கு எஞ்சின் நின்ற பிறகு யோசிக்க நிமிடக்கணக்கில் அவகாசம் கிடையாது. காட்டில் எஞ்சின் நின்றால் ஏதோ ஓர் ஏரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அந்த நம்பிக்கையில்தான் ஒற்றை எஞ்சின் போதும் என்று வைத்தார்கள். சக்கரம் மாட்டிக்கொண்டு கடலைத் தாண்டும்போது அந்தக் கணக்கு செல்லாது.

இன்னொரு பிரபல மரணமும் இந்த விமானத்தின் பேரில் இருக்கிறது. மால்டா வான்போரில் பேர் வாங்கிய கனடா வீரர் ஜார்ஜ் பியூர்லிங், 31 விமானங்களை வீழ்த்தியவர், 1948 மே 20-ல் ரோம் நகரின் ஊர்பே விமான நிலையத்தில் நார்ஸ்மன் தீப்பிடித்து இறந்தார். புதிதாகப் பிறந்த இஸ்ரேலின் விமானப் படைக்குப் போர் உபரி நார்ஸ்மன்களைக் கொண்டுபோகிற வேலையில் இருந்தார். நாசவேலை என்று அப்போதும் பேசினார்கள், இப்போதும் பேசுகிறார்கள், நிரூபணம் ஆகவில்லை.

சரி, உபரிக்கு வருவோம். 1945-க்குப் பிறகு நூற்றுக்கணக்கான நார்ஸ்மன்கள் சந்தைக்கு வந்தன, பல அதிகம் ஓடாதவை. 1930-களில் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போன காட்டுக் கம்பெனிகள் இப்போது இரண்டு மூன்று என்று வாங்கின. நார்வேயில் விடரோ கம்பெனி மிதவை மாட்டிக் கடலோர கிராமங்களுக்கு ஓட்டியது. ஆஸ்திரேலியப் படையில் இருந்தவை சில பப்புவா நியூ கினிக்குப் போயின, அங்கே முன்னாள் போர் விமானி பாபி கிப்ஸ் 1948-ல் ஆரம்பித்த கிப்ஸ் ஸெபிக் ஏர்வேஸ் அவற்றை மலைச்சரிவுத் தளங்களுக்கு ஓட்டியது. ஒன்டாரியோ மாகாணத்தின் விமானப் பிரிவில் கார்ல் கிராஸ்லி என்ற விமானி நார்ஸ்மனின் மிதவைக்குள்ளேயே ஏரித் தண்ணீரை அள்ளிக் கொண்டுபோய்க் காட்டுத் தீயின் மேல் கொட்டிப் பார்த்தார். இன்று தீயணைக்கும் விமானங்கள் ஏரியை உரசிக்கொண்டே தண்ணீர் எடுக்கிற முறையின் ஆரம்பங்களில் ஒன்று அது.

வடக்கே இந்த விமானங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருந்து கொண்டுபோனது, பிரசவத்துக்குத் தூக்கிப் போனது என்று வீரக் கதையாகவே சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஏரியில் வந்து இறங்கும் மிதவை விமானத்தைப் பார்த்துப் பிள்ளைகளை ஒளித்துவைத்த பூர்வகுடித் தாய்களும் அதே ஊர்களில்தான் இருந்தார்கள், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்குக் குழந்தைகளை ஏற்றிப் போகவும் ரோடு இல்லாத இடங்களில் புஷ் விமானம்தான் வந்தது. இதைச் சொல்லாமல் விமானத்தின் புகழை மட்டும் பாடுவது அரைக் கதை.

செய்த கம்பெனிக்கு என்ன ஆனது? போர் ஆர்டர் நின்றதும் நூர்டைனால் தாங்க முடியவில்லை. 1946-ல் நார்ஸ்மன் உரிமையை ஒன்டாரியோவின் ஃபோர்ட் வில்லியமில் ஆலை வைத்திருந்த கனடியன் கார் அண்ட் ஃபவுண்டரி வாங்கியது. ஐந்தாவது வடிவம் என்று பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் செய்து விற்றார்கள். ஆனால் அதே விமானம் ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும்போது புதுசை யார் வாங்குவார்கள்? உலோக இறக்கையோடு ஏழாவது வடிவம் ஒன்றை 1951-ல் செய்து பார்த்தார்கள், ஒன்றோடு நின்றது, அதுவும் பின்னால் கொட்டகைத் தீயில் எரிந்துபோனது. உரிமை 1953-ல் மறுபடி நூர்டைன் கைக்கு வந்தது. கடைசி நார்ஸ்மன் 1959 ஜனவரியில் விற்பனையாகிப் போனது, அடுத்த மாதம் பாப் நூர்டைன் காலமானார். மொத்தம் செய்தது 900க்குச் சற்று மேல்.

அவர் விட்ட இடத்தில் டி ஹாவிலாண்ட் கனடா நுழைந்தது. 1947-ல் பறந்த பீவர் முழு உலோகம், இன்னும் குட்டையான இடத்தில் எழும், புஷ் பைலட்களைக் கேட்டுக் கேட்டு வரைந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள், செய்த 1,600க்கு மேற்பட்ட பீவர்களில் 900க்கு மேல் வாங்கியது அமெரிக்க ராணுவம். கொரியப் போர் இல்லையென்றால் பீவரும் சில நூறோடு நின்றிருக்கலாம். காட்டுச் சந்தை என்பது எப்போதும் நல்ல விமானத்தைக் கேட்கத் தெரிந்த, வாங்க வசதியில்லாத சந்தை. அதே கம்பெனி 1951-ல் கொண்டுவந்த ஆட்டரில் நார்ஸ்மனின் அதே வாஸ்ப் எஞ்சின் இருந்தது, அளவும் வேலையும் நார்ஸ்மனுடைய இடத்தைக் குறிவைத்தவை. இந்திய விமானப் படையும் ஆட்டர்களை வாங்கியது, அதன் 41-வது ஸ்குவாட்ரன் இன்றும் ஆட்டர்ஸ் என்ற பேரோடுதான் இருக்கிறது.

நார்ஸ்மன் சட்டென்று மறையவில்லை. ரெட் லேக்கில் 20-ம் நூற்றாண்டு முடிகிறவரைக்கும் சம்பாதித்துக் கொடுத்தது, ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை உலகின் நார்ஸ்மன் தலைநகரம் என்று சொல்லிக்கொண்டு வருடா வருடம் கோடையில் திருவிழாவும் நடத்தினார்கள். 1941-ல் ஒரு ஹாலிவுட் படத்துக்கு வாடகைக்குப் போன முதல் நார்ஸ்மன் 1952-ல் ஆல்கான்குவின் பூங்காவில் விழுந்து நொறுங்கியது, அதன் மிச்சம் சூ செயின்ட் மேரி நகரத்து புஷ் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் பறக்கிறவை கொஞ்சம்தான். எஞ்சினுக்குப் பிரச்சினை குறைவு, ஹார்வர்டிலும் ஆட்டரிலும் மருந்து தெளிக்கும் விமானங்களிலும் அதே வாஸ்ப் இருந்ததால் பாகம் தேடினால் கிடைக்கும். இறக்கைதான் தொல்லை. மழையும் ஏரித் தண்ணீரும் குடித்த மரம் உள்ளே உளுத்திருக்கிறதா என்று துணியை உரித்துப் பார்த்தால்தான் தெரியும், உளுத்திருந்தால் முடிச்சே இல்லாத ஸ்ப்ரூஸ் மரத்தில் புது விட்டம் செய்து போட வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.